உறைமேல் முகவரி

14 ஜூலை 1997, திங்கள்

மனசில் உள்ளதை எல்லாம் தினமும் கொஞ்சம் எழுதி வையுங்கள், பிரஷர் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வருடமாகப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதவைத்தவளுக்கு இப்போது டாக்டர் கட்டுரை கொடுத்திருக்கிறார். உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

பெயர் தங்கபாய். வயது ஐம்பத்தாறு. நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குத் தமிழ். வீட்டுக்காரர் காலமாகி நான்கு வருடம். இதற்கு மேல் என் மனசில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை.

இன்று எட்டாம் வகுப்பில் செய்யுளை வாசிக்க ஆள் இல்லை. வழக்கமாகப் பிரம்மசக்திதான் எழுந்து நிற்பாள். அவள் வாசித்தால் பின்பெஞ்சுத் தடியன்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். இரண்டு நாளாக ஆளைக் காணோம். கோலப்பனை வாசிக்கச் சொன்னேன். அவன் எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

17 ஜூலை, வியாழன்

பிரம்மசக்தியின் அம்மா மாரிக்கனி வந்தாள். உப்பளத்து வேலைக்குப் போகிறவள், காலெல்லாம் வெடித்துக் கிடந்தது. மகள் பெரியபிள்ளை ஆகிவிட்டாளாம். பதினாறு நாள் கழித்துத்தான் அனுப்புவாளாம். ஒரு தூக்குவாளியில் உளுந்தங்களி கொடுத்தாள்.

அனுப்பாமல் இருந்துவிடாதே, நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று கண்டித்துச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“இந்த வருசம் முடியட்டும்னுதான் பாக்கேன் டீச்சர். ஆனா எந்தம்பி செல்லப்பன் என்ன சொல்லுதானோ. அவனுக்குன்னு எப்பமே பேசி வச்சதுதான்ல.”

செல்லப்பனைத் தெரியும். ஊர் முக்கில் டீக்கடை. முப்பத்து நான்கு வயதிருக்கும். தங்கமான பையன். புருஷனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு வந்த அக்காளைப் பன்னிரண்டு வருடமாக அவன்தான் தாங்குகிறான். ஊரில் இருக்கிற ஒரே தபால் பெட்டி அவன் கடைச் சுவரில்தான் தொங்குகிறது. அதில் யார் எது போட்டாலும் அவனுக்குத் தெரியாமல் போடமுடியாது என்று ஊரில் கேலி செய்வார்கள்.

களியில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருந்தாள். டாக்டரிடம் சொல்லக்கூடாது.

4 ஆகஸ்ட், திங்கள்

பிரம்மசக்தி வந்துவிட்டாள். பாவாடை தாவணி. முதல் பெஞ்சில் இருந்தவள் தானாகவே கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள், ஆனால் பழைய சத்தம் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். வெயிலில் வந்த களைப்பாக இருக்கும்.

6 ஆகஸ்ட், புதன்

இன்று கடிதம் எழுதுதல். இந்தப் பாடத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. என் பிள்ளைகள் எந்த வருடமும் கடிதத்தில் மதிப்பெண் விட்டதில்லை.

என் முறை இதுதான். இடம், நாள், விளி, முடிப்பு, கையெழுத்து, உறைமேல் முகவரி. ஆறுக்கும் தலைக்கு ஒரு மதிப்பெண். நடுவில் உள்ள செய்திக்கு நான்கு. நடுவில் எதை எழுதினாலும் இரண்டு மதிப்பெண்ணாவது கிடைத்துவிடும். ஓரங்களை விட்டால்தான் போச்சு. அதனால் நோட்டைத் திருத்தும்போது நான் ஓரங்களைத்தான் பார்ப்பேன். முப்பத்தெட்டு நோட்டையும் அரைமணி நேரத்தில் முடித்துவிடுவேன். மற்ற டீச்சர்கள் வாயைப் பிளப்பார்கள்.

இன்னொன்று. பரீட்சையில் சொந்தப் பெயர், சொந்த ஊர் எழுதக்கூடாது. யார் விடைத்தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும். உன் பெயர் எழில் என்று கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள். எழில் என்றுதான் கையெழுத்துப் போடவேண்டும். இதை ஆறாம் வகுப்பிலிருந்தே அடித்துச் சொல்லி வளர்க்கிறேன்.

தலைப்பு: பள்ளி விளையாட்டு விழாவுக்கு வருமாறு அத்தையை அழைத்துக் கடிதம் எழுதுக. நன்றாக எழுதுகிற கடிதத்தை உண்மையாகவே தபாலில் போடுவேன் என்று சொன்னேன். ஒவ்வொரு வருடமும் சொல்வதுதான். பிள்ளைகளுக்கு ஒரு உற்சாகம். இதுவரை எந்தப் பிள்ளையும் திரும்பிக் கேட்டதில்லை, நானும் போட்டதில்லை. இன்று பிரம்மசக்தி கையைத் தூக்கினாள்.

“நெசமாவே போடுவீங்களா டீச்சர்?”

“முதல்ல எழுது. அப்புறம் பாக்கலாம்” என்றேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

நோட்டு திருத்தினேன். வகுப்பில் பாதிப் பேர் உறைமேல் முகவரிக்குக் கட்டம் போடவில்லை. கோலப்பன், ‘அன்புள்ள அத்தைக்கு’ என்று எழுதவேண்டிய இடத்தில் தன் அப்பா பெயரை எழுதியிருக்கிறான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

பிரம்மசக்தியிடம் இதை எதிர்பார்க்கவில்லை. சொந்தப் பெயர், சொந்த ஊர். முகவரியும் கற்பனை இல்லை, சாத்தூரில் ஏதோ தெரு, கதவு எண், பின்கோடு உட்பட. விளையாட்டு விழாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ‘நீங்கள் உடனே வர வேண்டும். என்னை உங்களோடு கூட்டிப் போக வேண்டும்’ என்று ஆரம்பமே தலைப்பை விட்டு எங்கேயோ போகிறது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பெயரையும் ஊரையும் சிவப்பில் வட்டமிட்டு, ‘சொந்தப் பெயர் எழுதாதே! பெயர் மாற்றிப் பத்து முறை எழுதுக’ என்று போட்டேன். பத்துக்கு ஐந்து.

வாங்கிப் பார்த்தவள் கண் கலங்கிவிட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படித்தான், மதிப்பெண் குறைந்தால் தாங்காது.

13 ஆகஸ்ட், புதன்

பத்து முறையும் எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். இருபது பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. எல்லாவற்றிலும் கீழே எழில் என்று போட்டிருந்தாள். பத்துக்கும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். இந்த மாதம் உதவிக் கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார். கட்டுரை நோட்டுகளை எல்லாம் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

போகும்போது வாசலில் நின்று, எப்பம் போடுவீங்க டீச்சர் என்று கேட்டாள். போடலாம், போடலாம் என்றேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

சுதந்திரப் பொன்விழா. பிரம்மசக்தி பேசுவதாக இருந்தது, நான்தான் எழுதிக்கொடுத்திருந்தேன். வரவில்லை. பெரியபிள்ளையை மேடையில் ஏற்றவேண்டாம் என்று மாமன் சொல்லிவிட்டானாம். கடைசி நேரத்தில் கோலப்பனை ஏற்றினேன். கொடி கயிற்றில் சிக்கியதுபோல அவனும் மூன்றாவது வரியில் சிக்கிக்கொண்டான்.

21 ஆகஸ்ட், வியாழன்

பிரம்மசக்தி மறுபடி கேட்டாள். சாத்தூருக்குக் கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் டீச்சர் என்று. மூன்று நாள் என்றேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனாள்.

அதிகாரி வருகைக்காகச் சுவரில் படங்கள் ஒட்டவேண்டும். பசை காய்ச்சினேன். முழங்கால் வலி.

28 ஆகஸ்ட், வியாழன்

அதிகாரி வந்து போனார். பீரோவைத் திறந்து, மேலே இருந்த நோட்டை எடுத்தார். பிரம்மசக்தியின் நோட்டு. நல்ல நோட்டு மேலே இருக்கட்டும் என்று நான்தான் வைத்திருந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். “பத்துத் தடவையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்படித்தான் இருக்கணும்” என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். என் கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் பச்சை மையில் சுருக்கொப்பம் இட்டார். தலைமையாசிரியருக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்கும்தான்.

3 செப்டம்பர், புதன்

திங்களிலிருந்து பிரம்மசக்தி வரவில்லை. இன்று செல்லப்பன் புதுவேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்து, எல்லா டீச்சருக்கும் பத்திரிகை வைத்தான். வருகிற ஞாயிறு, ஆவணி இருபத்திரண்டு. மணமகள் பெயரைப் பார்த்தேன்.

பதின்மூன்று வயது. பள்ளிப் பதிவேட்டில் நான் கூட்டிப் பார்த்தேன், பதின்மூன்று வருடம் நான்கு மாதம்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். “அவங்க வழக்கம் டீச்சர். உங்களுக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. ஊரைப் பகைச்சுக்கிட்டு இங்க பள்ளிக்கூடம் நடத்த முடியாது” என்றார்.

4 செப்டம்பர், வியாழன்

பீரோவிலிருந்து அந்த நோட்டை எடுத்து வாசித்தேன். முதல்தடவையாக. அவள் எழுதியதை அப்படியே எழுதிவைக்கிறேன். இதையாவது நான் ஒருமுறை கையால் எழுதவேண்டும்.

‘அன்புள்ள அத்தைக்கு, நீங்கள் உடனே வர வேண்டும். என்னை உங்களோடு கூட்டிப் போக வேண்டும். எனக்கும் செல்லப்பன் மாமாவுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேசிவிட்டார்கள். நான் மாட்டேன் என்று சொன்னேன். அம்மா அடிக்கவில்லை, அழுகிறாள். நம்மளுக்குச் சோறு போட்டவன் என்கிறாள். மாமா நல்லவர்தான் அத்தை. சின்னப் பிள்ளையில் அவர் தோளில் உட்கார்ந்துதான் கோயில் கொடை பார்ப்பேன். அவரைப் போய் எப்படி அத்தை. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லா வேலையும் செய்வேன். தீப்பெட்டி ஒட்டுவேன். ஒன்பதாம் வகுப்பு மட்டும் சேர்த்துவிடுங்கள். நான் பெட்டியில் போட முடியாது, பெட்டி மாமா கடையில் இருக்கிறது. டீச்சர் போடுவார்கள்.’

இதை அவள் பத்து முறை எழுதியிருக்கிறாள். நான் எழுதச் சொன்னேன். எட்டாவது தடவையின் அடியில், கட்டத்துக்கு வெளியே, சின்ன எழுத்தில் இரண்டு வரி கூடுதலாக இருக்கிறது. ‘டீச்சர், இந்த வாரமே போட்டுவிடுவீர்களா? மாமா கடையில் பேசினார்கள், அத்தை வீட்டில் பம்பாய் போகப்போகிறார்களாம்.’

அந்த இரண்டு வரியின் மேலேயே என் டிக் இருக்கிறது. கையெழுத்து, தேதி 13/8. பக்கத்தில் பச்சை மை.

சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும் போட்டேன்.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம். பள்ளியில் பிள்ளைகள் பூக் கொடுத்திருப்பார்கள். நான் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் சாத்தூர் போனேன். நோட்டில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடலாம், அவ்வளவு சரியாக எழுதியிருக்கிறாள். இதற்குத்தான் ஒரு மதிப்பெண் கொடுத்தேன்.

வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். யார் என்ன என்று விசாரித்துவிட்டுச் சொன்னாள்.

“பேச்சியம்மக்காவா? போன சனிக்கிழமைதான் குடும்பத்தோட பம்பாய் போனாக. தாராவிங்காக, விலாசம் தெரியாது. தம்பி மக ஒருத்தி இருக்கா, அவளுக்கு ஒரு வழியும் பண்ணாமப் போறேனேன்னு அழுதுக்கிட்டே போனாக.”

போன சனி, ஆகஸ்ட் முப்பது. பதின்மூன்றாம் தேதி போட்டிருந்தால் பதினாறாம் தேதி கிடைத்திருக்கும். பஸ்ஸில் வரும்போது இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் இரண்டு வாரம் மீதி இருந்தது.

திரும்பும் வழியில் மாரிக்கனி வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதுக்கு முன்னால் கட்டக்கூடாது, சட்டம் இருக்கிறது என்றேன். மாரிக்கனி என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

“டீச்சர், நான் செத்துப்போனா இவளுக்கு யாரு? வெளிய குடுத்தா வாறவன் குடிகாரனோ எவனோ. எந்தம்பி அவமேல கையை ஓங்கினதில்ல. நான் பட்ட பாடு அவ படக்கூடாதுன்னுதான் செய்யுதேன்.”

உள்ளறையில் பிரம்மசக்தி இருப்பதாகச் சொன்னார்கள். நலங்கு வைத்த பெண்ணைக் கல்யாணம் வரை வெளியாட்கள் பார்க்கக்கூடாதாம். கதவு சாத்தியிருந்தது. நான் வந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். செல்லப்பன் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

6 செப்டம்பர், சனி

போலீஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் அதனதன் இடத்தில். பெண்ணின் வயது, பள்ளிப் பதிவு எண், நாள், இடம், முகூர்த்த நேரம். முப்பத்தொரு வருடத்தில் நான் இவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை.

கீழே வந்து பேனா நின்றுவிட்டது. கையெழுத்து. நான்தான் என்று தெரிந்தால் மாரிக்கனி முகத்தில் எப்படி விழிப்பது, பிள்ளைகளை அனுப்புவார்களா, தலைமையாசிரியர் சொன்ன இரண்டு வருடம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, ‘இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’ என்று எழுதினேன். அனுப்புநர் இடத்திலும் அதையே எழுதினேன்.

டவுன் ஸ்டேஷனுக்குப் போய் வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் கொடுத்தேன். கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “யார் குடுக்கீங்க, பேரு போடலியேம்மா. மொட்டைக் கடுதாசியை ஐயா பார்க்க மாட்டாரே” என்றார். படிக்கச் சொல்லுங்கள், எல்லா விவரமும் உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாக வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில்தான் மூச்சு வந்தது.

7 செப்டம்பர், ஞாயிறு

போனேன். ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தேன். காலை ஒன்பது மணிக்குத் தாலி கட்டும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப் வரவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை வாசித்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

15 செப்டம்பர், திங்கள்

பிரஷர் கூடியிருக்கிறது. டைரி எழுதுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன்.

22 செப்டம்பர், திங்கள்

டீக்கடைப் பக்கம் போவதில்லை என்று இரண்டு வாரமாகச் சுற்றுவழியில் பள்ளிக்குப் போய் வந்தேன். இன்று முழங்கால் தாங்கவில்லை. மத்தியானம், கடையில் யாரும் இல்லை. செல்லப்பன் சரக்கு எடுக்க டவுனுக்குப் போயிருந்தான். பிரம்மசக்திதான் இருந்தாள். சேலை. தலைநிறையப் பூ. மஞ்சள் கயிறு சட்டையில் ஒட்டிப் புதுசாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் டீச்சர் என்றாள், வகுப்பில் சொல்வது போலவே.

உட்காரச் சொன்னாள். காப்பி போட்டாள். கிளாஸை இரண்டு தரம் கழுவினாள். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டேன். இருக்கேன் டீச்சர் என்றாள். பிறகு கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டாள்.

“டீச்சர், அந்தக் கடிதத்தைப் போட்டீங்கல்லா?”

இதற்குத்தான் நான் சுற்றுவழியில் போனது. போடவில்லை, படிக்கவும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “போட்டேன்” என்றேன்.

“எனக்குத் தெரியும் டீச்சர். நான் அடியில ரெண்டு வரி எழுதியிருந்தேன்லா, அதுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு கோலப்பன் சொன்னான். அதிகாரி வந்த அன்னைக்கு அவந்தான் நோட்டெல்லாம் எடுத்துக் குடுத்தானாம். அப்பமே நெனச்சேன், டீச்சர் போட்டிருவாங்கன்னு.” பெஞ்சைத் துணியால் துடைத்தாள். “தாலி கட்டுத வரைக்கும் அத்தை வருவாங்கன்னு வாசலையே பார்த்தேன். படிச்சிட்டும் வரலைன்னா, அவங்களுக்கு நான் வேண்டாம் போலுக்கு.”

அப்படி இல்லை என்றேன். வேறு எப்படி என்று அவள் கேட்கவில்லை.

“பரவால்ல டீச்சர். நீங்களாவது எனக்காகச் செஞ்சீங்க. அம்மகூட எம்பேச்சக் கேக்கல.”

காப்பிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பிள்ளைக்காக அழுதுகொண்டே போன ஒரே ஒரு மனுஷி பேச்சியம்மாள். அவளையும் இன்று நான் பிரம்மசக்தியிடமிருந்து பிடுங்கிவிட்டேன். என் பெயர் கெடாமல் இருக்க.

23 செப்டம்பர், செவ்வாய்

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். நான்கைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். செல்லப்பன் எழுந்து இடம் கொடுத்தான். “டீச்சருக்குச் சீனி கம்மியா” என்று பிரம்மசக்தியே அவனிடம் சொன்னாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.